செக்ரோலில் கைவைக்க யாருக்கு உரிமை?

மலாக்கா ரப்பர்த் தோட்டங்களின் ஆபீசில் பலர் கைபட்டுப் புழங்கிய ஏடு செக்ரோல். தொழிலாளியின் பெயர், எண், மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், ஓரத்தில் கூலியும் பிடித்தமும். அதில் யார் எழுதலாம், யார் திருத்தலாம், யார் பார்க்கலாம் என்பதை எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

1896இல் டான் சாய் யான் என்ற தோட்டக்காரர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் அதைவிடப் பல மடங்கு பெரிய தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகி, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியபின், தோட்ட மேலாளரான துரையால் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து அறிய முடியாமல் போயிற்று. அவருக்குத் தொழிலாளி என்பவர் செக்ரோலில் ஒரு வரி.

விடியுமுன் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வருகை எடுக்கும் இடத்தில், ஆட்களை மேய்க்கும் கங்காணியோ மண்டோரோ பெயர் கூப்பிடுவார். வந்தவர் கணக்கு முதலில் ஏறுவது வெளிவேலையை மேற்பார்ப்பவரின் சட்டைப்பையிலிருந்த சிறு ஏட்டில். அதைப் பார்த்து ஆபீசில் பெரிய ஏட்டில் பதிபவர் எழுத்தரான கிராணி. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுபவர் துரை. காட்டில் ஆளைக் கண்ணால் கண்டவருக்குப் பெரிய ஏட்டில் எழுத உரிமையில்லை. எழுதும் கிராணியோ ஆளைக் கண்டவரில்லை. ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு ஒத்துப்பார்க்க இந்தப் பிரிவினை உதவியது. தொழிலாளியைக் காப்பாற்றவென்று ஏற்பட்டதல்ல அது, கம்பெனியின் பணத்தைக் காப்பாற்ற ஏற்பட்டது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் இல்லாமலில்லை. தான் கூட்டிவந்த ஆள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆளுக்கு 2 காசு என்பது மலாயாவில் பரவலான வழக்கம். நூறு பேரைக் கொண்டுவந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டு வெள்ளி. 1920களின் இறுதியில் ஆண் தொழிலாளி நாளெல்லாம் பாடுபட்டு வாங்கியது ஏறத்தாழ 50 காசு. பெயர் பதிவதில் இவ்வளவு ஆதாயம் உள்ளவரிடம் பெரிய ஏட்டைக் கொடுக்க எந்தத் துரைதான் துணிவார்?

பார்க்கும் உரிமையின் கதை வேறு. அரைநாள் குறைந்தாலும், ரேஷன் அரிசிக்குக் கூடுதலாகப் பிடித்தாலும், சம்பளத்தன்று மேசைக்கு முன் நிற்கும்போதுதான் தொழிலாளிக்குத் தெரியவரும். ஏட்டைத் திருப்பிக் காட்டினாலும் பயன் குறைவு. அது ஆங்கிலத்தில் இருந்தது. கிராணிகளில் பலர் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்தச் சொன்னது. அங்கே பிள்ளைகள் கற்றது தமிழ். தகப்பனின் கூலிக்கணக்கை வாசிக்க அந்தப் படிப்பு போதவில்லை.

வெளியிலிருந்து ஏட்டைத் திறந்து பார்க்க முடிந்தவர் தொழிலாளர் இலாகா அதிகாரி. மாறுதல் மெதுவாகவே வந்தது. 1951இல் சேமநிதிச் சட்டம் வந்தபின், கூலிக்கணக்கில் விழும் பிழை தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பையும் தொட்டது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானதும், கணக்கைக் கேட்க ஆபீஸ் படியேற ஓர் ஆள் கிடைத்தார். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், பதிவேட்டின் ஒவ்வொரு விவரமும் குறைந்தது 6 ஆண்டுகள் ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. கூலி விவரத்தைத் தொழிலாளிக்கு எழுத்தில் தரும் கடமையும் முதலாளிக்கு ஏற்பட்டது. சம்பளச் சீட்டு என்பது செக்ரோலில் அவருடைய ஒரு வரியின் நகல்தான். மற்றவர் வரியைப் பார்க்க அதில் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. ஆனாலும் தன் வரி முதன்முறையாகக் கையில் வந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டக் குடியிருப்புகளான லயங்களை விட்டு மலாக்கா நகருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். ஏடு கணினிக்குள் போயிற்று, செக்ரோல் என்ற பெயர் மட்டும் தோட்டக் கணக்கு மென்பொருள்களில் நிலைத்துவிட்டது. சர்வரில் கோப்புக்கு உரியவர், குழுவினர், மற்றவர் என மூன்று வட்டம் போட்டு, படிக்கவும் எழுதவும் தனித்தனி அனுமதி தரும் முறையை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பரப்பியது. துரை, கிராணி, மண்டோர் என்று பழகிய ஆபீசுக்கு அதில் புதுமை அதிகமில்லை. புதிதாக வந்தது ஒன்று: யார், எந்த நேரத்தில் திருத்தினார் என்பதைப் பதிந்துவைக்க முடிந்தது. 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையிருந்தால் திருத்தக் கோரவும் பதிவுக்குரியவருக்கே உரிமை அளிக்கிறது.