வச்சிரமுஷ்டியும் ஜெட்டி மல்லர் மரபும்

தசராவுக்கு மைசூர் சென்று வரும் நம் பெங்களூர்த் தமிழன்பர்கள் யானை ஊர்வலத்தையும் விளக்கொளியையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அதே விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் நிகழும் மற்போரைக் கண்டோர் சிலரே. சில கணங்களில் முடிந்துவிடும் அப்போரின் பின்னே பல நூற்றாண்டு வரலாறு நிற்கிறது.

வச்சிரமுஷ்டி என்பது அதன் பெயர். போரிடுவோர் ஜெட்டி எனும் மல்லர் குலத்தார். ‘ஜ்யேஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு இது. நம் செட்டியார்களோடு குழப்பிக் கொள்ளலாகாது. மைசூர், பெங்களூர், சென்னபட்டணம், சாமராசநகர் ஆகிய ஊர்களிலிருந்து மல்லர் தேர்ந்தெடுக்கப்படுவர். தலையை மழித்து, உச்சியில் சிறு குடுமி மட்டும் விட்டு, முனையுடைய கருவியொன்றை விரல்களில் கோத்துக்கொண்டு களம் இறங்குவர். முதல் துளி இரத்தம் கண்டதும் போர் நிறுத்தப்படும்.

இவர்தம் குலதெய்வம் நிம்பஜா தேவி. மற்கலையைக் கண்ணபிரானே கற்பித்தான் என்று 1964-இல் பரோடாவில் அச்சேறிய மல்லபுராணம் கூறும். புராணத்தை வரலாறாகக் கொள்ளவியலாது. ஆனால் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் மல்லரை ஜ்யேஷ்டிகர், அந்தரஜ்யேஷ்டிகர், கோவலர் என வகுத்துரைப்பது உறுதியான சான்று.

விசயநகரத்து மகாநவமி விழாவை 1520-ஐ ஒட்டிக் கண்ட போர்த்துகீசியர் பாயஸ், பல்லுடையும் அளவுக்கு மல்லர் அடித்துக்கொண்டதை எழுதினார். சில ஆண்டு கழித்து எழுதிய நூனிஸ் விந்தையான செய்தி ஒன்றைத் தருகிறார்: கூர்முனை வளையங்களால் தாக்கிக்கொண்ட இருவருள் மிகுந்த காயமுற்றவனுக்கே பட்டாடை பரிசாம்! வென்றவனை உலகமே கொண்டாடும். அடிபட்டும் நின்றவனைச் சிறப்பித்த அவை அது. 1610-இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கியபோது விசயநகர விழாவே அவருக்கு முன்மாதிரி.

இம்மரபுக்கு ஒரு கறையும் உண்டு. திப்பு சுல்தான் காலத்தில் ஜெட்டிகள் கழுத்தைத் திருகிக் கொலைத்தண்டனை நிறைவேற்றியதாக அவன் சிறையிலிருந்த ஆங்கிலேயர் எழுதிவைத்தனர். ஒரு துளியில் நிற்கக் கற்ற கையை அரசாணை கொலைக்கருவியாக்கியது. அக்கையே மருத்துவக் கையாகவும் இருந்தது. ஜெட்டிகள் தைலமிட்டு உடல் நீவி நரம்பு நோவு தீர்ப்பவர் என்று 1909-இல் வெளிவந்த நூலில் தர்ஸ்டன் குறித்தார். நம் தஞ்சையிலும் அவர்கள் தெலுங்கு பேசி வாழ்ந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஜப்பானின் கத்தோரி சிந்தோ வாட்பள்ளி. 15-ஆம் நூற்றாண்டில் இயிசாசா இயேநாவோ நிறுவிய அதன் தலைமை ஒரே குடும்பத்தில் 20-ஆம் தலைமுறை வரை வந்துள்ளது. அங்கே சேரும் மாணவன் தன் குருதியால் உறுதிமொழிக்கு ஒப்பமிட வேண்டும். அங்குக் குருதித் துளி பயிற்சியின் தொடக்கம். இங்கோ போரின் முடிவு. அங்குள்ள மல்யுத்த ஆசான்களும் எலும்பு கட்டும் வைத்தியம் அறிந்தவரே.

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. அரசவை கலைந்த பின்னும் உடையார் குடும்பத்தார் விஜயதசமியில் வச்சிரமுஷ்டியை விட்டுவிடவில்லை. அந்தச் சில கணங்களுக்காகவே ஜெட்டி இளைஞர் கரடிமனையின் செம்மண்ணில் இன்றும் பயில்கின்றனர்.