உணவு ஒவ்வாமையும் செரிமானமும்

உணவு ஒவ்வாமை என்பது, தீங்கில்லாத ஓர் உணவுப் புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையாகக் கொண்டு தாக்குவது. ‘ஒத்துக்கல’, ‘சேரல’ என்று நாம் சொல்வதில் வேறு சங்கதிகளும் கலந்திருக்கின்றன. பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிவது பெரும்பாலும் லாக்டேஸ் என்ற நொதி குறைவதால் வரும் செரிமானக் குறை. ஐஸில் சரியாக வைக்காத சூரை மீனைத் தின்று முகம் சிவந்து தடிப்பது, கெட்ட மீனில் பாக்டீரியா உண்டாக்கிய ஹிஸ்டமின் செய்யும் வேலை. அந்த மீனைத் தின்ற யாருக்கும் அது வரலாம். ஒவ்வாமையோ பந்தியில் ஒருவரை மட்டும் பிடிக்கும், துளி பட்டாலும் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பிடிக்கும். கத்திரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று வீடுகளில் ஒதுக்கும்போது இவை எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

வரலாறு

1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் சார்லஸ் ரிஷே, போல் போர்த்தியே இருவரும் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸ் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். முதல் ஊசியைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், சில வாரம் கழித்துப் போட்ட சிறு அளவில் அரை மணிக்குள் இறந்தது. பழகினால் தாங்கும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது நேர்மாறான முடிவு. அனபிலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடும் எதிர்வினையை ஆராய்ந்ததற்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே.

உணவு ஒவ்வாமைக்கு அசைக்க முடியாத சான்று 1921இல் பிரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) கிடைத்தது. அங்கிருந்த மருத்துவர் ஹைன்ஸ் கியூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. தின்றால் அரிப்பும் தடிப்பும் வாந்தியும் வரும். பச்சை மீனால் தொல்லை இல்லை. அவருடன் பணியாற்றிய கார்ல் பிரௌஸ்னிட்ஸ் மீனை எப்படித் தின்றாலும் ஒன்றும் ஆகாதவர். கியூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தில் சொட்டளவு எடுத்துப் பிரௌஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமை இரத்தத்தில் இருக்கிறது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏற்றலாம் என்பது சொந்தத் தோலில் தெரிந்துவிட்டது. அந்தப் பொருளை இமுனோகுளோபுலின் ஈ என்ற எதிர்ப்பொருளாக இனங்காண மேலும் 45 ஆண்டுகள் ஆயின. இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், யொஹான்சன், பென்னிச் இருவரும் சுவீடனிலும் தனித்தனியே கண்டனர்.

செரிமானத்தின் பங்கு

இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தைத் துண்டாக்குகின்றன. துண்டானால் எதிர்ப்பாற்றலுக்கு அடையாளம் தெரிவதில்லை. நிலக்கடலையின் முதன்மை ஒவ்வாமைப் புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டது. பெப்சினுக்கு எளிதில் மசியாது. அதனால் குடலைத் தாண்டி உடலெங்கும் வேலை காட்டுகிறது. பிர்ச் மர மகரந்தப் புரதத்தை ஒத்த ஆப்பிளின் புரதம் மெலிந்தது. அந்த மகரந்தம் ஆகாதவர்களுக்கு ஆப்பிள் தின்றால் வாய் அரிப்போடு நின்றுபோவதும், அதே ஆப்பிளை வேகவைத்தால் அரிப்பே இல்லாமற்போவதும் அதனால்தான். இறாலின் டிரோப்போமயோசின் என்ற புரதமோ கொதிநீருக்கும் அசையாது.

அமிலத்தைக் குறைத்தால் காவல் தளர்கிறது. வியன்னாவில் நெஞ்செரிச்சல் மருந்தை மூன்று மாதம் உட்கொண்ட 152 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழக் கால் பங்கினரிடம் உணவுக்கு எதிரான ஈ வகை எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றியிருந்தது அல்லது கூடியிருந்தது. நெஞ்சு கரிக்கிறது என்று தாமாகவே கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உணவுமுறை

ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000இல் அறிவுறுத்தினர். 2008இல் அதைக் கைவிட்டனர். அறிவுரை தவறு. 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர், கடும் தோல்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைக் கொண்ட ஆய்வை வெளியிட்டனர். நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. முதலாண்டிலேயே உண்ணத் தொடங்கியவர்களில் 3.2 விழுக்காடு. வெடித்த தோல் வழியே நுழையும் புரதம் பகையாகிறது, வாய் வழியே வருவது உறவாகிறது. முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கும். மைய அரைத்த விழுதைக் கூழில் கலந்து கொடுப்பதே முறை. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டபின்பே.

தற்போதைய நிலை

இந்தியாவில் பாக்கெட் உணவின் மேலுறையில் பசையப்புரதத் தானியம், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, கடலை-கொட்டை வகை, சோயா ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. உணவு ஒவ்வாமைக்கான மருந்தாக ஓமலிசுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2024இல் ஒப்புதல் தந்தது. தொண்டை அடைத்து இரத்த அழுத்தம் விழும்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான மாத்திரை அந்த வேலையைச் செய்யாது.