பப்பாளிப் பாலும் பழுப்பு நிறமும்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் மூன்று நாளாக விடாத மழை. வீட்டம்மா பசங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். கிடைத்த இரண்டு மணி நேரத்தில், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் சொந்தக் கதை. கடைசி வரை படித்துவிடுங்கள். அங்கேதான் உங்கள் வீட்டுக்குத் தேவையான மேட்டர் இருக்கிறது.

எங்க ஊர் தாராபுரம் பக்கம். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அப்பா ஒரு ஏக்கரில் பப்பாளி போட்டிருந்தார். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பாலுக்காகவே பரிந்துரைத்த கோ-5 ரகம். பழம் விற்க அல்ல, காயில் இருந்து பால் எடுக்க. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பச்சைக் காயில் பிளேடால் மேலிருந்து கீழாக நாலு கோடு கீற வேண்டும். வெள்ளையாகப் பால் சொட்டும். மூன்று நாலு நாள் கழித்து அதே காயில் வேறு இடத்தில் கீற வேண்டும். பால் பட்ட இடம் அரிக்கும், விரல் தோல் உரியும். "இதை யாருப்பா வாங்கறாங்க?" என்று கேட்டால், "கறியை மெதுவாக்கறதுக்கு, பீரைத் தெளிய வெக்கறதுக்கு, என்னென்னமோ சொல்றாங்க சாமி" என்பார் அப்பா.

அந்தப் பாலில் இருக்கும் நொதியின் பெயர் பப்பைன். புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெங்களூருக்கு வருவோம். 1978-ல் கிரண் மஜும்தார் என்ற 25 வயதுப் பெண், ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சும் தொழிலை முறையாகப் படித்துவிட்டு வந்தவர், பத்தாயிரம் ரூபாய் முதலில், வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில் பயோகான் கம்பெனியைத் தொடங்குகிறார். முதலில் செய்த சரக்கு இரண்டு. ஒன்று, மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். மற்றது நம்ம பப்பைன். இரண்டும் பீரைத் தெளிய வைப்பதற்கு. கூட்டாளி யார் தெரியுமா? இதே கார்க் நகரத்தில் இருந்த ஒரு அயர்லாந்து கம்பெனி. இங்கே வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரியும். உலகம் ரொம்பச் சின்னது :-)

பீருக்கும் பப்பாளிக்கும் பேச்சு வந்துவிட்டது, ஆன்டிபாடி எங்கே என்கிறீர்களா? இதோ.

ஆன்டிபாடி என்பது நம் ரத்தத்தில் இருக்கும் காவல்காரப் புரதம். அம்மையோ காய்ச்சலோ வந்தால் அந்தக் கிருமியை மட்டும் சரியாக அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். அது எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர், முயலின் ஆன்டிபாடியைப் பப்பைன் போட்டு வெட்டிப் பார்த்தார். சரியாக மூன்று துண்டு. இரண்டு துண்டுகள் இலக்கைப் பிடிக்கும் கைகள், ஒன்று வால். அதில் இருந்துதான் கவட்டை மாதிரியான வடிவம் நமக்குப் புரிந்தது. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு. அப்பாவின் விரலை உரித்த அதே பப்பாளிச் சத்துதான் ஆன்டிபாடியின் முகத்தையும் உலகத்துக்குக் காட்டியது.

அதே 1950-களில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இன்னொரு கதை. ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்புகளை வளரச் செய்யும் ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வளர்ச்சிக் காரணி என்று இப்போது சொல்கிறோம். அது உண்மையிலேயே உடலுக்குத் தேவையா என்று எப்படிக் காட்டுவது? முயலில் அதற்கு எதிரான ஆன்டிபாடியை உண்டாக்கி, பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். குட்டிகளின் பரிவு நரம்புகள் அனேகமாக அழிந்தே போயின. காரணியை மறித்தால் நரம்பு இல்லை. அதுதான் சாட்சி.

கோஹன் இன்னொன்றையும் கவனித்தார். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைக் குட்டிகளுக்குப் போட்டபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண் ஒரே வாரத்தில் திறந்துகொண்டது. அதை விடாமல் துரத்திக் கண்டுபிடித்ததுதான் ஈஜிஎஃப் என்ற தோல் வளர்ச்சிக் காரணி. வெறும் 53 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். 1986-ல் இருவருக்கும் நோபல்.

இந்தக் காரணி ஒரு சாவி என்றால், செல்லின் மேல் அதற்கான பூட்டு ஒன்று உண்டு. அந்தப் பூட்டுக் குடும்பத்தில் இரண்டாவது ஹெர்-2. 1987-ல் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் 189 மார்பகப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, ஹெர்-2 மரபணு பெருகியிருந்தால் நோய் வேகமாகத் திரும்பி வருகிறது என்று காட்டினார்கள். 1998 செப்டம்பரில் ஹெர்-2 பூட்டை அடைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கூடவே, யாருக்கு அந்த மருந்து பலிக்கும் என்று கண்டுபிடிக்கும் சோதனைக்கும் அனுமதி. மருந்தும் ஆன்டிபாடி, சோதனையும் ஆன்டிபாடி.

பெங்களூரில் இந்த வித்தை புதிது அல்ல. இந்திய அறிவியல் கழகத்தில், நாம் டாடா இன்ஸ்டிட்யூட் என்கிறோமே அங்கே, உயிர்வேதியியல் துறை 1921-ல் தொடங்கியது. அங்கே என்.ஆர். மௌட்கல் என்ற பேராசிரியர், இனப்பெருக்க ஹார்மோன்களுக்கு எதிராக ஆன்டிபாடி செய்து, எலியிலும் குரங்கிலும் அந்த ஹார்மோன்களை மறித்துப் பார்க்கும் ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். கோஹன் குழு வளர்ச்சிக் காரணிக்குச் செய்ததை இவர் ஹார்மோனுக்குச் செய்தார்.

நான் எம்.எஸ்ஸி. முடித்து 1997-ல் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் உதவியாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு ஆன்டிபாடி ஆர்டர் போட்டால் வந்து சேர வாரக்கணக்கு. கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டால் ஐஸ் உருகி, உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான். அப்போது எங்களுக்குக் கை கொடுத்தது பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த பெங்களூர் ஜீனை. 1989-ல் தொடங்கிய கம்பெனி. முயல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டும் ஆட்டு ஆன்டிபாடி, அதன் மேல் நிறம் காட்டும் நொதி என்று தயார் நிலையில் கொடுப்பார்கள். அந்தக் கால இந்திய ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் பிரித்தால் அந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். 2009-ல் ஜெர்மனியின் மெர்க் அதை வாங்கியது.

சோதனை எப்படி நடக்கும்? எலைசா என்று ஒரு முறை. 1971-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது. எட்டுக்குப் பன்னிரண்டு என 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. பார்த்த உடனே எனக்குக் குழிப்பணியாரச் சட்டிதான் ஞாபகம் வந்தது. குழியின் அடியில் ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். நோயாளியின் ரத்தநீரை விட்டால், அதில் உள்ள வளர்ச்சிக் காரணியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டு இரண்டாவது ஆன்டிபாடியை விட வேண்டும். அது காரணியின் மறுபக்கத்தைப் பிடிக்கும். அதில் இருக்கும் நொதி நிறத்தைக் கொடுக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, காரணி அவ்வளவு.

கட்டியைச் சோதிக்கும்போது தட்டுக்குப் பதில் கண்ணாடிச் சில்லு. அறுவையில் எடுத்த சதையை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, ஹெர்-2 ஆன்டிபாடி ஊற்றுவார்கள். ஹெர்-2 இருந்தால் செல்லைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோலம் போட்ட மாதிரி தெரியும். நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார். 3+ என்றால் நிச்சயம் உண்டு. 2+ என்றால் சந்தேகம், மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

சரி, சொந்தக் கதை.

2014-ல் ஒரு இரவு சித்தப்பா போன் செய்தார். சித்திக்கு மார்பில் கட்டி, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தாச்சு, புற்றுதான், ஆபரேஷனும் முடிந்துவிட்டது. எனக்குச் சொன்னால் கவலைப்படுவேன் என்று எல்லாம் முடிந்தபிறகு சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இந்த போன் வந்திருக்கும். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹெர்-2: 1+. அதாவது இல்லை. அந்த விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. வீட்டில் அதைக்கூட நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். பாவம், செலவு மிச்சம் என்று.

எனக்கு ஒரு சந்தேகம். "சித்தப்பா, ஆபரேஷன் என்னைக்குப் பண்ணாங்க? எடுத்த கட்டியை எதுல போட்டாங்க?" என்று கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன். கட்டியை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்து, திங்கட்கிழமை காலையில்தான் லேபில் இருந்து ஆள் வந்து மருந்துத் தண்ணி ஊற்றினாராம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும், அதில் குறைந்தது 6, அதிகம் போனால் 72 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் புரதம் சிதைந்துபோகும். ஆன்டிபாடி வந்து தேடும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆன்டிபாடி பொய் சொல்லவில்லை. அங்கே இல்லாததை அது எப்படிக் காட்டும்?

நல்லவேளை, முதலில் ஊசியில் எடுத்த சதையின் மெழுகுக் கட்டி வேறொரு லேபில் பத்திரமாக இருந்தது. அது எடுத்த உடனே ஃபார்மலினில் போனது. தம்பி அதை வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்து பெங்களூர் போனான். அல்சூரில் நண்பன் வீட்டில் குளித்துவிட்டு லேபில் கொடுத்தான். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. 3+.

ஒரே மனுஷி, ஒரே கட்டி, இரண்டு விடை. மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்து உண்டு என்பது நல்ல செய்தி, விலைதான் இடி. அந்த வருடம் ஜனவரியில்தான் பயோகான் பெங்களூரில் செய்த டிராஸ்டுசுமாப், கேன்மாப் என்ற பெயரில் அறிமுகமாகியிருந்தது. 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய். ஏற்கெனவே இருந்ததைவிடக் கால்வாசி குறைவு. அப்படியும் 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு வருடத்துக்கு 15 குப்பி, எட்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். நான் கொஞ்சம், தம்பி கொஞ்சம், சித்தப்பா ஒரு காட்டை விற்றுக் கொஞ்சம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என ஒரு வருடம் ஓடியது. இதே மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

பயோகானுக்கு அது முதல் புற்றுநோய் ஆன்டிபாடி அல்ல. கியூபாவின் ஹவானாவில் பிறந்த நிமோடுசுமாப், ஈஜிஎஃப் பூட்டை அடைக்கும் மருந்து, 2006-லேயே பெங்களூரில் இருந்து வந்தது. தலை, கழுத்துப் புற்று உள்ள 92 இந்திய நோயாளிகளிடம் ஐந்தாண்டு சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பப்பாளிப் பாலில் தொடங்கிய கம்பெனி போய்ச் சேர்ந்த இடம் இது.

ஆன்டிபாடி தப்பே செய்யாதா என்றால், செய்யும். ஜிடிஎஃப்-11 என்று ஒரு வளர்ச்சிக் காரணி. வயதானால் ரத்தத்தில் அது குறைகிறது, ஏற்றினால் இளமை திரும்பும் என்று 2013-ல் ஹார்வர்டில் இருந்து வந்த செய்தி உலகமெங்கும் ஓடியது. 2015-ல் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் பார்த்தால், அளந்த ஆன்டிபாடி ஜிடிஎஃப்-11-ஐ மட்டும் பிடிக்கவில்லை. அதன் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் மயோஸ்டாட்டின் புரதத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஆள் மாறாட்டம்! ஆன்டிபாடி சொன்னது என்றால் வேதவாக்கு இல்லை. சதையை எப்படிப் பதப்படுத்தினார்கள், எந்த ஆன்டிபாடி, கூடவே சரிபார்க்கும் சில்லு வைத்தார்களா என்று கேட்க வேண்டும்.

எனவே ஊரில் அப்பா அம்மா, அத்தை, சித்தி உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள். மெழுகுக் கட்டியை லேபில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அது உங்கள் சொத்து. சதை எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். 2+ என்று வந்தால் மரபணுச் சோதனை இல்லாமல் விடாதீர்கள். 1+ என்றாலும் இப்போது, நோய் பரவிய நிலையில், அதற்கென்றே புது மருந்து வந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சித்தி இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். போன வருடம் ஊருக்குப் போனபோது, தோட்டத்து மூலையில் தானாக முளைத்த பப்பாளியில் ஒரு பழத்தை அறுத்துத் தட்டில் வைத்தார். "ஏஞ்சாமி, அந்தப் பழுப்புக் கலருன்னு என்னமோ சொன்னியே, அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார்.

"அது உண்மை சித்தி. உண்மை தெரிஞ்சாத்தான் மருந்து" என்றேன்.

"அப்படின்னா சரி, பழத்தைத் தின்னு" என்றார்.