மேடையைத் தாங்கிய கைகள்: பினாங்கு அரங்கில் பயிற்சிச் செலவை ஏற்றவர்களின் வரலாறு

முன்னுரை

நாடகம் பார்க்க வருகிறவர் நுழைவுச்சீட்டுக்குத் தரும் பணம் அன்றைய மேடைக்கும் விளக்குக்கும் போய்ச் சேரும். மேடையில் நிற்கும் நடிகரை நடிகராக்கிய ஆண்டுகளுக்கு யார் பணம் தந்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆசிரியரின் மாதச் சம்பளம், ஒத்திகைக் கூடத்தின் வாடகை, வாத்தியங்களைச் செப்பனிடும் செலவு, கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் பங்கு ஆகிய நான்கும் நிகழ்ச்சி இல்லாத மாதங்களிலும் வரும் செலவுகள்.

இந்தக் கேள்விக்குப் பினாங்கு வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகளை 1870கள் தொடங்கி இன்று வரை வரிசைப்படுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்தவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வசூலை மட்டும் நம்பிய அரங்கு வசூல் குறைந்ததும் சரிந்தது. பயிற்சிக்கெனத் தனி ஆதரவைத் தேடிக்கொண்ட அரங்குதான் தன் பிள்ளைகளைத் தானே உருவாக்கிக்கொண்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. பம்பாயிலிருந்து வந்த திரை

1870களில் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. வரைந்த திரைகள், ஆர்மோனியம், தபேலா, பாட்டுக்கு நடுவே வசனம், வசனத்துக்கு நடுவே வேடிக்கை என்று அவர்கள் காட்டியது இந்தத் தீவுக்குப் புதிது. மலாய் மக்கள் அதை 'வாயாங் பார்சி' என்று அழைத்தார்கள். தமிழ் மேடையை மாற்றியமைத்த அலையும் இதுவே. தமிழ்நாட்டின் இசை நாடகத்துக்கு வரைந்த திரை வந்த ஏறத்தாழ அதே காலத்தில், அதே மூலத்திலிருந்து பினாங்கில் பங்சாவான் என்ற மலாய்மொழி இசை நாடகம் பிறந்தது.

மாமாக் புஷி என்ற வசதி படைத்த ஜாவி பெரானாக்கான் பிரமுகர், ஊர் திரும்பிய பார்சி குழுவின் திரைகளையும் உடைகளையும் விலைக்கு வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1885இல் அவர் தொடங்கிய 'புஷி இந்திரா பங்சாவான்' இவ்வகையின் முதல் குழுவாகக் கருதப்படுகிறது. இந்திய முஸ்லிம் வழியும் மலாய் வழியும் கலந்த சமூகத்திலிருந்து வந்த ஒருவர் மலாய்மொழி மேடைக்கு முதல் போட்டார் என்பது பினாங்கின் இயல்பைக் காட்டுகிறது.

பங்சாவானைப் பற்றிய முதன்மையான ஆய்வு, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இசையியல் அறிஞர் தான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட நூல். பங்சாவான் அடிப்படையில் ஒரு வணிக அரங்காக வளர்ந்தது. உரிமையாளர் முதல் போட்டார், இருக்கை வகைக்கேற்ப சீட்டு விற்றார், கூட்டம் இருக்கும் ஊருக்குக் குழுவை அழைத்துச் சென்றார். நடிகர்கள் குழுவோடு வாழ்ந்தே தொழில் கற்றார்கள். தனியாகப் பள்ளி கிடையாது. குழு இருக்கும் வரைதான் பள்ளியும். பேசும் படமும், பிறகு போரும் வந்தபோது குழுக்கள் கலைந்தன. அவற்றோடு பயிற்சியும் நின்றது.

2. வீடு வீடாகச் சென்ற போரியா

பங்சாவானுக்கு இணையாக, போரியா என்ற பாட்டும் ஆட்டமும் கொண்ட இன்னொரு வழியும் இதே தீவில் இருந்தது. முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாட்களில் ஒவ்வொரு கம்பத்தின் (கிராமத்தின்) போரியா குழுவும் ஒரே நிறத்தில் உடை தைத்துக்கொண்டு இரவில் புறப்படும். வசதியுள்ளவர் வீட்டு வாசலில் நின்று, 'துக்காங் காராங்' எனப்படும் தலைமைப் பாடகர் அப்போதே கட்டிய அடிகளைப் பாடுவார். வரிசையாக நிற்கும் 'சோராக்' குழுவினர் ஆடியபடி அதைத் திருப்பிப் பாடுவார்கள். வீட்டுக்காரர் பணம் தருவார். குழு அடுத்த வாசலுக்கு நகரும்.

இதில் நுழைவுச்சீட்டு இல்லை. செலவைக் கம்பமும் அதன் புரவலர்களும் ஏற்றார்கள். வெளியூர்க் கூட்டத்தை நம்பாமல் தன் தெருவை நம்பியதால், வணிக பங்சாவான் ஓய்ந்த பிறகும் போரியா போட்டிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் நீடித்தது. ஆனால் புரவலரின் கை எங்கே நீளுகிறதோ அந்தப் பக்கம் பாட்டும் சாய்ந்தது. பின்னாளில் அரசியல் கட்சிகளின் பிரசாரத்துக்கும் போரியா பயன்பட்டது. பெரும் புரவலரைச் சார்ந்திருக்கும் கலை அவருடைய குரலிலேயே பேசத் தொடங்கும் என்பதற்கு இது சான்று.

3. பாலர் கம்பெனிகள் விட்டுச் சென்ற பாடம்

தமிழ்நாட்டின் கதை இதைவிடக் கூர்மையானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்கள் அங்கேயே தங்கினார்கள். சாப்பாடும் பாட்டும் வசனப் பாடமும் ஒரே கூரையின்கீழ். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்று, 1925இல் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபாவைத் தாங்களே அமைத்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாலர் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்.

பாலர் கம்பெனி ஒரே சமயத்தில் பள்ளியாகவும் மேடையாகவும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே வருமானம், அதாவது இரவு வசூல். சினிமா வந்ததும் தேர்ந்த நடிகர்கள் அங்கே சென்றார்கள். கம்பெனிகள் பல ஆண்டுகள் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்த திறனைத் திரைத்துறை விலையின்றிப் பெற்றுக்கொண்டது. அந்தத் துறை ஈட்டியதில் ஒரு பங்கு திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்கு ஒரு பள்ளியை நிறுவியிருந்தால் தமிழ் மேடையின் பிற்கால வரலாறு வேறாக இருந்திருக்கும். பயிற்சியால் பயனடைந்தவர் பயிற்சிக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு அன்று எழவே இல்லை.

4. பல்கலைக்கழகமும் பிள்ளைகள் அரங்கும்

1969இல் பினாங்கில் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரைவிலேயே நிகழ்த்துகலைத் துறை உருவானது. அதைத் தொடங்கிவைத்தவர் குலாம் சர்வார் யூசோஃப். பயிற்சிச் செலவை அரசுக் கல்விநிதி ஏற்றது இம்மாநில அரங்குக்குப் பெரிய திருப்பம். ஆனால் பல்கலைக்கழகக் கதவு எல்லாருக்கும் திறப்பதில்லை. அந்தக் கதவுக்கு வெளியே வேலை செய்தவர்களில் முதன்மையானவர், அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜேனட் பிள்ளை. 1999இல் உருவான ஆர்ட்ஸ்-எட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அவர் முயற்சியால் எழுந்தது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு வாடகை உயர்ந்தது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்களும் கைத்தொழில்களும் வெளியேறத் தொடங்கின. அதே நேரத்தில் 'ஆனாக்-ஆனாக் கோத்தா' திட்டத்தின்கீழ் பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தெருக்களுக்குள் சென்றார்கள். கைவினைஞர்களிடமும் கடைக்காரர்களிடமும் அமர்ந்து கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், கேட்டதைப் பாட்டாகவும் காட்சியாகவும் ஆக்கினார்கள்.

இவ்வழியின் முதிர்ந்த பலன் இளையோர் குழு அரங்கேற்றிய மூன்று இசை நாடகங்கள்: 2006இல் 'கிசா புலாவ் பினாங்', 2007இல் 'ரோங்கெங் மெர்டேக்கா', 2008இல் 'ஓப்பெரா பாசார்'. ஜேனட் பிள்ளையும் தான் சூய் பெங்கும் இவற்றில் இணைந்து பணியாற்றினார்கள். பாடப்புத்தகத்தில் இடம்பெறாத சாதாரண மக்களின் வரலாற்றைப் பிள்ளைகள் தாங்களே திரட்டினார்கள். மேடையில் பினாங்கின் பல மொழிகள் கலந்து ஒலித்தன. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2009இல் திங்க் சிட்டி நிறுவப்பட்டு நகரத்துக்கான மானியத் திட்டத்தை நடத்தியது. 2010இல் ஜார்ஜ் டவுன் விழா தொடங்கியது. 2011இல் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ வளாகத்தில், ஈ அண்ட் ஓ நிறுவனத்தின் ஆதரவோடு தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நாடக அமைப்பு பினாங்கு நிகழ்த்துகலை மையத்தைத் திறந்தது.

மூன்றே ஆண்டுகளில் மானியம், விழா, அரங்கம் மூன்றும் வந்துவிட்டன. மானியம் ஒரு திட்டத்தோடு முடியும், விழா அதன் நாட்களோடு முடியும், அரங்கத்தை ஒரு நிறுவனத்தின் தயவு தாங்கும். ஆண்டு முழுவதும் ஆசிரியருக்குச் சம்பளம் தரும் வழி இவற்றில் எதிலும் தானாகக் கிடைத்துவிடவில்லை.

5. சோற்றிலிருந்து கலைக்கு

அந்த வழியை வேறொரு கோணத்திலிருந்து கண்டவர் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி. 1981இல் கோலாலம்பூரில் அவர் ஊக்கத்தால் தொடங்கிய 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' பினாங்கிலும் கிளை அமைத்துப் பரதநாட்டியமும் இசையும் கற்றுத்தருகிறது. அதே அமைப்பினர் 1980களில் தொடங்கிய அன்னலட்சுமி உணவகங்கள் விலை குறிக்காத கொள்கையோடு எழுந்தவை. வேண்டியதை உண்டு, மனம் போல் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதே அது. பரிமாறுபவர்களில் தொண்டர்கள் பலர்; கிடைக்கும் பணம் கலைப் பயிற்சிக்குத் துணையாகும்.

இந்த ஏற்பாட்டை வரலாற்று நோக்கில் பார்த்தால், போரியாவின் புரவலரும் பங்சாவானின் நுழைவுச்சீட்டும் செய்யாத ஒன்றை இது செய்தது. ஒரு பெரும் புரவலரின் இடத்தில் பல நூறு சிறு கைகள் வந்தன. நாடகம் நடக்காத நாளிலும் சோறு விளம்பப்படும். ஆகவே நிகழ்ச்சி இல்லாத மாதத்திலும் வருமானம் உண்டு. கோயில் அன்னதானத்தில் பழகிய நம் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

6. காஞ்சிபுரமும் யாழ்ப்பாணமும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கூத்துக் கலைஞர் இராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கினார்கள். கூத்துக்கு ஊரே தாம்பூலம் கொடுத்து ஜமா எனப்படும் குழுவை அழைக்கும். தலைக்கட்டு வரி வசூலித்துக் கூலி தரும். விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்கு அது போதும். ஆட்டக்காரர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு அது போதாது. கூத்துக்குப் போனால் பள்ளி போகும், பள்ளிக்குப் போனால் கூத்து போகும் என்பதே நிலை.

2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் இந்த முடிச்சை அவிழ்த்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பாடநூலும் முகவீணையும், கணக்கும் அடவும் ஒரே நாளின் நேரப்பட்டியலில் இடம்பெற்றன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை என்ற மர அணிகளைக் கட்டி ஆடினார்கள். 2020 வரை 18 ஆண்டுகள் அது நடந்தது. அங்கே பயின்றவர்கள் தேர்ந்த கலைஞர்களாக வெளியே வந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் கிறிஸ்துவின் திருப்பாடுகளின் நாடகத்தில் தொடங்கி, போர்க்காலத்திலும் கலை கற்பித்தது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி நடிகர்களைப் பயிற்றுவித்தது. 1985இன் 'மண் சுமந்த மேனியர்' போன்ற படைப்பு பிறந்ததற்குப் பின்னால் அந்தப் பயிற்சிச் சூழல் இருந்தது. குண்டு விழும் ஊரில் சீட்டு வசூலை நம்பிப் பள்ளி நடத்த முடியாது. சமூகம் தாங்கியதால்தான் நடந்தது.

7. கடலுக்கு இக்கரையில்

இனிப் பினாங்குக்குத் திரும்பி, இந்தப் பாடங்களைப் பொருத்த வேண்டிய இடத்தைப் பார்ப்போம்: புக்கிட் தெங்கா என்ற ஊர் செபராங் பிறையின் நடுவே, ரயில் பாதையையும் தொழிற்பேட்டையையும் ஒட்டி இருக்கிறது. தீவுக்கு எதிரே உள்ள இந்தப் பெருநிலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1970களுக்குப் பின் தோட்டங்கள் தொழிற்சாலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. தோட்டத்துக் கோயில் திடலில் நடந்த நாடகத்துக்கு ஊர் தந்த ஆதரவும் அந்த ஊரோடு கலைந்தது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செபராங் பிறையில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இது தீவின் மக்கள்தொகையைவிட அதிகம். ஆயினும் இந்த வரலாற்றில் நாம் கண்ட பினாங்கு மேடைகளும் பள்ளிகளும் தீவை மையமாகக் கொண்டவை. தொழிற்சாலையில் சுழல்முறை வேலை பார்க்கும் தாய், மாலை வகுப்புக்காகப் பிள்ளையைப் பாலம் கடந்து அழைத்துச் செல்ல முடியாது. இங்கே பிறக்க வேண்டியது இன்னொரு பெரிய அரங்கக் கட்டடம் இல்லை. நடந்து போகும் தொலைவில் நடக்கும் ஒரு வகுப்பு. தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ அதற்குப் போதும்.

சட்டமும் துணை நிற்கிறது. வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் ரொக்க நன்கொடை, மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு பெறும். முறையாகப் பதிவு செய்து, கணக்குத் தணிக்கை செய்து, இந்த அங்கீகாரத்தைப் பெறும் அமைப்பு பக்கத்துத் தொழிற்சாலைகளின் கதவைத் துணிந்து தட்டலாம்.

முடிவுரை

இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, நுழைவுச்சீட்டு மேடையைக் காக்கும், பள்ளியைக் காக்காது. பங்சாவானும் பாலர் கம்பெனிகளும் இதற்குச் சான்று. இரண்டாவது, பெரும் புரவலரைவிடப் பல சிறு கொடையாளர்கள் நம்பகமானவர்கள். போரியாவையும் அன்னலட்சுமியையும் அருகருகே வைத்தால் இது விளங்கும். மூன்றாவது, பயிற்சிக்குத் தரும் ஆதரவு தவணை தவறாமல் வர வேண்டும். ஆண்டு விழாவுக்கு ஒருமுறை தரும் பெருந்தொகையால் மாதச் சம்பளத்தின் வேலையைச் செய்ய முடியாது.

திருமணத்துக்கு மொய் எழுதவும் திருவிழாவுக்கு உபயம் ஏற்கவும் அறிந்த சமூகம் நம்முடையது. அந்தப் பழக்கத்தை ஒரு நாடக வகுப்புக்கும் விரிக்க வேண்டும். செபராங் பிறையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், கோயில் நிர்வாகங்கள், பள்ளி மேலாளர் வாரியங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆகியோரிடம் இக்கட்டுரை வைக்கும் வேண்டுகோள் இதுதான்: மாதந்தோறும் இயன்ற வெள்ளியை ஒதுக்கி ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.