யார் இடத்துக்கு யார் வந்தது?

“யான நம்ம எடத்துக்கு வந்துருச்சுடா” என்றுதான் தாத்தா எப்போதும் கதையைத் தொடங்குவார். லயத்துக்குப் பின்னால் ஒரே இரவில் சரிந்த வாழைகள், தகரம் தட்டி விடிந்த பொழுது.

தியோடர் ஹப்பாக்கைப் பற்றிப் படித்தபோது அந்தக் கதை வேறாகத் தெரிந்தது. 1905இல் யானை, செலாடாங் வேட்டை பற்றிப் புத்தகம் போட்டவர் அவர். அந்த ஆண்டுகளில்தான் ரப்பர் பரவியது. செலாடாங் மேய்வது ஆற்றோரப் புல்வெளியில். தோட்டத்துக்கும் அந்தத் தாழ்நிலம்தான் வேண்டும். காடு சுருங்கச் சுருங்க, மிச்சத்தில் துப்பாக்கிகள் நெருங்கின. துரத்தப்படும் விலங்கு பகலில் புதருக்குள் ஒடுங்கும், இரவில்தான் மேய வரும். வந்த இடத்தில் பயிர் இருந்தால், பயிர்க்காவல் என்ற பெயரில் குண்டு. வேட்டைச் சட்டம் மட்டும் போதாது, விலங்குக்கென்று நிலம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடியவர் அந்த வேட்டைக்காரரே.

1925இல் குனோங் தாஹான் காப்புக்காடு. 1930களின் இறுதியில் பகாங், கிளந்தான், திரெங்கானு சேர்ந்து தேசியப் பூங்கா. இன்றைய தாமான் நெகாரா, 4,343 சதுர கிலோமீட்டர்.

காட்டை அழித்த இடத்தில் கன்று நட்டவர்கள் நம்மாட்கள். லாபம் துரைமாருக்குப் போனது. நமக்குக் கிடைத்தது லயம். அது உண்மைதான். ஆனாலும் தாத்தா சொன்ன ‘நம்ம எடம்’ என்ற சொல்லை இப்போது என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை.