அச்சேறாத பதினான்கு அத்தியாயங்கள்

1864இல் ஹேக் நகரத்துப் புத்தக வணிகர் மார்ட்டினுஸ் நைஹோஃப் ஒரு பழைய குடும்பத்தின் காகிதங்களை ஏலத்துக்கு வைத்தார். அவற்றுள் லத்தீன் மொழியில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடந்தது. எங்கும் அடித்தலும் திருத்தலும். எழுதியவர் ஹியூகோ குரோஷியஸ். பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்பவர். லைடன் பல்கலைக்கழகம் அதை வாங்கியது. படித்துப் பார்த்த அறிஞர்களுக்குப் பன்னிரண்டாம் அத்தியாயம் மட்டும் பழக்கமானதாக இருந்தது. 1609இல் பெயரில்லாமல் வெளிவந்து ஐரோப்பிய அரசுகளை வாதத்துக்கு இழுத்த 'சுதந்திரக் கடல்' என்ற சிறு நூல் அந்த அத்தியாயத்திலிருந்து பிறந்ததுதான். மற்ற பதினான்கும் இரண்டரை நூற்றாண்டுகளாக அச்சேறவே இல்லை.

அந்தத் தாள்களின் கதை சிங்கப்பூரை ஒட்டிய கடலில் தொடங்குகிறது. 1603 பிப்ரவரி 25 அன்று, மக்காவிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற 'சாந்தா கதரீனா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சு மாலுமி யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க் ஜோகூர் ஆற்று முகத்துவாரத்தருகே மடக்கிப் பிடித்தார். ஜோகூர் அரசு அவருக்குத் துணை நின்றது. கப்பல் நிறையச் சீனப் பட்டு, பீங்கான், கஸ்தூரி. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோது முப்பது லட்சம் கில்டருக்கு மேல் சேர்ந்தது. 1604 செப்டம்பரில் கடற்படை நீதிமன்றம் இது முறையான போர்ப்பரிசு என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஹீம்ஸ்கெர்க்குக்குத் தற்காப்புக்காக மட்டுமே ஆயுதம் எடுக்க அனுமதி இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களில் மெனோனைட் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். வன்முறையை விலக்கியவர்களுக்கு அந்தப் பணம் உறுத்தியது. கம்பெனி தன் பக்கத்து நியாயத்தை எழுதித்தர இருபத்தொரு வயது வழக்கறிஞர் குரோஷியஸை நாடியது.

கேட்டது ஒரு வாதம். அவர் எழுதியதோ பதினைந்து அத்தியாயம். நீதி தர ஆளில்லாத இடத்தில் அநீதியைத் தண்டிக்கும் உரிமை தனி மனிதனுக்கே உண்டு, ஆகவே ஒரு வணிகக் கம்பெனிகூடப் போர் தொடுக்கலாம் என்று அவர் நிறுவப் பார்த்தார். அச்சமூட்டும் வாதம் இது. அது வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டது. ஸ்பெயினோடு போர்நிறுத்தம் பேசிய வேளையில் கடல்வணிக உரிமையைக் காக்க வேண்டியிருந்ததால், பன்னிரண்டாம் அத்தியாயம் மட்டும் லைடனின் எல்செவியர் அச்சகத்துக்குப் போனது.

அதில் என்னை நிறுத்தி வைக்கும் பகுதி ஒன்று உண்டு. கிழக்கை நாங்கள்தான் கண்டுபிடித்தோம், போப்பும் அதை எங்களுக்கே தந்தார் என்ற போர்த்துக்கீசியரின் உரிமைக்கு அவர் தரும் மறுப்பு. ஜாவா, இலங்கை, மொலுக்காஸ் தீவுகளுக்கு எப்போதும் சொந்த அரசர்கள், சொந்த ஆட்சி, சொந்தச் சட்டங்கள் உண்டு. மக்கள் வாழும் நாட்டை இன்னொருவன் எப்படிக் கண்டுபிடிக்க முடியும், தனக்கில்லாததைப் போப் எப்படித் தானம் செய்ய முடியும் என்கிறார். ஐம்பது ஆண்டு கழித்து, 1658இல், அதே கம்பெனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. போர்த்துக்கீசியரை விரட்டியவர்கள் நாட்டை அங்குள்ளவர்களிடம் ஒப்படைக்கவில்லை.

வாதமும் கட்சிக்காரரின் கையிலேயே நிற்கவில்லை. 1613இல் லண்டன் பேச்சுவார்த்தையில் டச்சுத் தரப்பில் குரோஷியஸே அமர்ந்திருக்க, ஆங்கிலேயர்கள் அவருடைய நூலையே எடுத்துக்காட்டி நறுமணப்பொருள் வணிகத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். 1635இல் ஜான் செல்டன் 'மூடிய கடல்' எழுதி எதிர்த்தார். ஆனாலும் கொள்கை நிலைத்தது: 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 87ஆம் பிரிவு, கரையுள்ள நாடு, கரையற்ற நாடு என்ற வேறுபாடின்றி ஆழ்கடலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கொள்ளைக்கு வக்காலத்தாகப் பிறந்ததால் அது பொய்யாகிவிடாது. ஆனால் வக்காலத்து யாருக்காக என்பதை மறைத்துவிட்டு மாணவர்களுக்குக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முழுப் பிரதி 1868இல் அச்சானது. ஆசிய அரசர்களைச் சட்டத்தின் வட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. அவர்களுக்கு உள்ளே இடம் இருந்தது என்பதை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த சார்லஸ் அலெக்ஸாண்ட்ரோவிச் பழைய ஒப்பந்தங்களைத் தோண்டி எடுத்து எழுதினார். இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் ஐரோப்பியர் வரும் முன்பே கடல் யாவர்க்கும் பொதுவாக இருந்தது, குரோஷியஸின் கொள்கையில் அந்த வழக்கத்துக்கும் பங்குண்டு என்பது அவர் முடிவு.