"இஸ் பீயிங்" வந்த கதை

பள்ளியில் செயப்பாட்டு வினைக்கு வாய்ப்பாடு மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? "தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்" என்றால் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதை "தி ஹவுஸ் இஸ் பில்டிங்" என்றுதான் எழுதினார்கள். வீடு தானாக எதையும் கட்டாது, அதனால் குழப்பமில்லை. ஆளைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிக்கல்: அவன் அடிக்கிறானா, அடிபடுகிறானா? அந்த நூற்றாண்டின் கடைசியில் "இஸ் பீயிங்" எழுத்தில் தலைகாட்டியது. கவிஞர் ராபர்ட் சவுதே 1795-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அது இருக்கிறது.

பண்டிதர்களுக்குக் கோபம். அமெரிக்காவின் ரிச்சர்ட் கிராண்ட் வைட், 1870-இல் வெளியான தன் நூலில் இதைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மக்கள் கேட்கவில்லை, பேசுவதற்கு அது தேவைப்பட்டது.

அன்று பண்டிதர்கள் பிழை என்றதை இன்று எழுதாவிட்டால் நமக்கு மதிப்பெண் போகிறது! இலக்கணத்துக்குப் பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.